கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

கதவைத் திறந்துகொண்டு வந்தவள், என்னைத் தவிர வேறு ஆளே இல்லாத அறையில் நின்று, "நீங்கதானுங்களா என்னைய வரச்சொன்ன மிஸ்?" என்று கேட்டாள். வாசலில் பலகை இருந்தது. மேசைமேல் என் பெயர் இருந்தது. காலையில்தான் இருவரும் தொலைபேசியில் பேசியிருந்தோம். "ஆமா, நான்தான்" என்று நான் சொன்ன பிறகுதான் நனைந்த குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள்.

ஹட்டனில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கும் சரிவுகளில் கருவிகளை நட்டு, மண் நகரத் தொடங்கினால் கீழே சைரன் ஒலிக்கச் செய்வது எங்கள் வேலை. மண் எவ்வளவு சாய்கிறது என்று சொல்ல ஒரு கருவி, மழை எவ்வளவு பெய்கிறது என்று சொல்ல இன்னொரு கருவி. இவை சொல்வதையெல்லாம் வாங்கிப் பார்த்து முடிவெடுக்க, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் உள்ளங்கையளவுக் கணினி. அதில் ஓடும் நிரலை எழுதத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கொழும்பில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தவள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதால் அக்கரப்பத்தனைப் பக்கம் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னைவிட நன்றாக எழுதுவாள் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவளிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்கும், தினமும் போகும் அதே பஸ்ஸாக இருக்கும், ஆனாலும் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அக்கரப்பத்தனைதானுங்களே?" என்பாள். திரையில் அழைப்பவரின் பெயர் மின்னினாலும், "யாரு பேசுறீங்க?" என்றுதான் எடுப்பாள். கீழே மருந்துக்கடையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கும்போது சீட்டையும் அட்டையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகும் கடைக்காரரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம், கேட்பாள்.

"இருவது வருசமா இதத்தானே விக்கிறன் தங்கச்சி, எனக்குத் தெரியாதா?" என்று நானா சிரிப்பார்.

"கோவிச்சுக்காதீங்க நானா. கேட்டா என்னா, ஒரு நிமிசம்."

ஒருவரும் கோபித்ததில்லை. கேள்வியை அவ்வளவு சுருக்காக, அவ்வளவு சிரித்த முகத்தோடு கேட்டு முடித்துவிடுவாள். பதில் வந்ததும் முழுதாக நம்பிவிடுவாள்.

எங்கள் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழிக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாது. நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டி இது சாய்வுமானி என்று சொன்னால் நம்பும். மழைமானியைக் காட்டி அப்படிச் சொன்னாலும் நம்பும். அந்தக் குறையைத் தீர்க்க அதன்மேல் இன்னோர் அடுக்கைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினோம். அந்த அடுக்கில் ஒவ்வொரு பொருளும் தான் இன்ன வகை என்ற அடையாளத்தைத் தன்னோடு வைத்திருக்கும். ஒரு செயல் அதைத் தொடுவதற்கு முன், "நீ சாய்வுமானிதானா?" என்று கேட்கும். ஆம் என்றால் வேலை நடக்கும். இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டு விலகிக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடைமழையில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியபோது அந்தச் சிறு கணினி திணறியது. அளவீடுகள் வரிசையில் தேங்கின. மண் நகர்ந்ததாகப் பரிசோதனைக்கு நாங்கள் ஒரு கருவியைச் சாய்த்தால், சைரன் பல நிமிடம் கழித்து ஒலித்தது. மலைச்சரிவில் பல நிமிடம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் நான்கு நாள் அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மிஸ், பொட்டி வேல செய்யிறதவிட கேள்வி கேக்குறதுலதான் நேரம் போவுது. ஒரே அளவீடு உள்ளுக்குள்ள பத்துக் கை மாறுது. ஒவ்வொரு கையும் நீ யாரு, நீ யாருன்னு கேக்குது."

"அப்ப கேள்வியையே நிப்பாட்டிருவோம்" என்றேன். நிரலைத் தொகுக்கும்போது ஒரு வரி சேர்த்தால் எல்லாச் சோதனைகளும் போய்விடும். அதற்கென்றே வசதி வைத்திருந்தார்கள்.

"வேணாம் மிஸ்."

"வாசல்ல ஒரு தடவ கேட்டா போதாதா? உள்ளுக்கு எதுக்குத் திரும்பத் திரும்ப?"

"உள்ளுக்க கை மாறுற எடத்துலதான் மிஸ் மாறிப்போவும்."

நான் விடவில்லை. பருவமழைக்கு முன் பெட்டிகளைப் பொருத்தியாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம், கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமலே இருந்தாள். பிறகு தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள்.

தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. இவளுக்கு ஒன்பது. அப்பா புல்லுக்கு அடிக்கிற மருந்தில் மிச்சமானதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவின் மூலையில் வைத்திருந்தார். போத்தலில் ஆரஞ்சுப் படம் அப்படியே இருந்தது. தாகமாக இருக்கிறதென்று தங்கச்சி கேட்க, இவள்தான் எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள்.

"படத்த நம்பிக் குடுத்துட்டேன் மிஸ். மோந்து பாத்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும். அம்மாவ ஒரு கொரல் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்துச்சு" என்றாள்.

நான் என் தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைக் குடித்துவிட்டு, "எனக்கு மூணு கெழம குடுங்க. கேள்விய எடுக்காம வேகமாக்கித் தர்றேன்" என்றாள்.

அந்த மூன்று வாரம் அவளைப் பார்த்தவர்கள் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள் என்றுதான் சொல்வார்கள். வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பாள். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மருந்துக்கடைக் காகிதப் பையைக் கிழித்து விரித்து எனக்கு விளக்கினாள்.

"இப்ப இது எப்புடிக் கேக்குதுன்னா, நீ யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டுட்டு, அப்பா யாரு, அவருக்கு அப்பா யாருன்னு ஒவ்வொரு படியா மேல ஏறிப்போவுது. ஒவ்வொரு படியிலயும் பூட்டத் தெறந்து பூட்டுது, வேற யாரும் அந்நேரம் மாத்திரக்கூடாதுன்னு. ஆனா மிஸ், தாத்தா பேரு மாறவா போவுது? ஒருக்கா எழுதுனா எழுதுனதுதான்."

ஒவ்வொரு வகையிடமும் அதன் முன்னோர் அத்தனை பேரையும் வரிசையாக முதலிலேயே எழுதி வைத்துவிட்டாள். கேட்கப்படும் வகை எத்தனையாவது தலைமுறை என்பது எப்போதும் தெரியும். ஏறிப் போக வேண்டியதில்லை. அந்த இலக்கத்துக்குரிய கட்டத்தை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும், ஒரே பார்வையில் பதில். அதற்கும் முன்னால் இன்னொன்று சேர்த்தாள். பெரும்பாலான நேரம் கேட்கப்படுவதும் கையில் இருப்பதும் அச்சாக ஒரே வகைதான் என்று அளந்து கண்டிருந்தாள். ஆகவே முதலில் இரண்டு அடையாளங்களும் ஒன்றா என்று நேராகப் பார்த்துவிடும், அதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். மாறாததற்குப் பூட்டு எதற்கு என்று பூட்டையும் எடுத்தாள்.

நாங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டியை ஓடவிட்டோம். செயற்கையாக அடைமழை போல அளவீடுகளைக் கொட்டினோம். கருவியைச் சாய்த்த கையை எடுப்பதற்குள் சைரன் அலறியது. கீழே இருந்து நானா ஓடி வந்துவிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனாலும் உடனே தர மறுத்தாள். இன்னும் ஒரு வகைச் சோதனை மிச்சம் இருக்கிறது, ஒரு வாரம் எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். அந்த வாரத்தில் அவளுடைய அம்மாவுக்கு மூச்சு வாங்கி நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லீவு கேட்டாள். கொடுத்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அவள் போன இரண்டாம் நாள், பெட்டிகள் வெள்ளிக்கிழமைக்குள் மலையில் இருக்க வேண்டும் என்று கடைசி உத்தரவு வந்தது. அவளுடைய வேலை முடியவில்லை. பழையது மெதுவானது. நான் பழைய நிரலை எடுத்து, அந்த ஒரு வரியைச் சேர்த்து, சோதனைகளையெல்லாம் நீக்கித் தொகுத்தேன். வேகமாக ஓடியது. தோட்டப் பிரிவுகளான டிவிசன்களில் ஐந்தில் பொருத்தினோம். அதில் ஒன்று அவளுடைய டிவிசன். ஆஸ்பத்திரியில் இருப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து அவளுக்குச் சொல்லவில்லை. அப்படி நினைத்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய டிவிசனில் ஒரு சாய்வுமானி பழுதானது. தோட்டத்துக்காரர்கள் நல்லெண்ணத்தில், நாங்கள் விட்டுவந்த உதிரிகளிலிருந்து ஒன்றை எடுத்து அதே கம்பியில் மாட்டிவிட்டார்கள். அது மழைமானி. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறக் குழாய்கள்தான். கேள்வி இருந்திருந்தால் பெட்டி, கருவி அனுப்பும் அடையாளத்தைப் பார்த்து, இது சாய்வுமானி இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை ஒதுக்கியிருக்கும். கேள்வியை நான் எடுத்துவிட்டேன். மழை பெய்த அளவை மண் சாய்ந்த அளவாக வாசித்த பெட்டி, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சைரனை அலறவிட்டது. கைக்குழந்தைகளோடும் அடையாள அட்டைகளோடும் நூற்றுக்கணக்கானவர்கள் மழையில் நனைந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை மறுபடியும் அலறியது. மறுபடியும் ஓடினார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் யாரோ சைரனின் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, தோட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். பதிவுகளைத் திறந்து பார்த்தாள். எச்சரிக்கை வரி ஒன்றுகூட இல்லை. திரும்பாமலே கேட்டாள்.

"சோதனைய யாரு மிஸ் எடுத்தது?"

"நான்தான்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன்னுடைய நிரலை இரண்டு சின்ன அட்டைகளில் ஏற்றினாள். குடையை எடுத்துக்கொண்டாள். "மலையில எந்த எடத்துலயெல்லாம் பொருத்துனீங்கன்னு எழுதித் தாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். "நானும் வர்றேன்" என்றேன். "மத்த நாலு எடத்துக்கு நீங்க போங்க" என்று இரண்டாவது அட்டையை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

தன் டிவிசனுக்குப் போய்ப் பெட்டியில் புது நிரலைப் போட்டாள், தவறாக மாட்டிய கருவியை மாற்றினாள், கம்பியைச் சேர்த்தாள். பிறகு லயத்தில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கி, அடுத்த தடவை அடித்தால் அது உண்மை, தயவுசெய்து போய்விடுங்கள் என்று சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் திட்டினார்கள். கடைசிக் காம்பராவில் அவளுடைய தாய்மாமா இருந்தார். அவளைப் படிக்க வைத்ததில் பாதிப் பங்கு அவருடையது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி இருக்கும். அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே சைரன் கேட்டது. "மிஸ், இது உண்ம. மூணு கருவியும் ஒண்ணாச் சொல்லுது. சனங்க போறாங்க. கொஞ்சப் பேரு இன்னும் நிக்கிறாங்க, நான் போய்ப் பாக்குறேன்" என்றாள். தொடர்பு அறுந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாதை பல இடங்களில் அடைபட்டிருந்ததால் பாதி தூரம் நடந்தேன். பள்ளிக்கூடத்தில் டிவிசன் முழுதும் இருந்தது. லயத்தில் பாதி இல்லை. மாமாவும் அவருடைய சம்சாரமும் மட்டும் வரவில்லை.

மறுநாள் அவர்களை எடுத்தார்கள். அடையாளம் காட்ட உறவுக்காரர் ஒருவர் வேண்டும் என்று பொலிஸார் கேட்டபோது அவள்தான் போனாள். நான் கூட நின்றேன். முகங்களில் சேறு இருந்தது. ஈரத் துணியால் ஒவ்வொருவராகத் துடைத்துவிட்டு, "எங்க மாமா. எங்க அத்த" என்று சிங்களத்தில் சொன்னாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள், முதல் இரண்டு தடவையும் ஏன் சைரன் பொய்யாக ஒலித்தது என்று கேட்டார்கள். "கருவியில் ஒரு கோளாறு" என்றேன் நான். அதிகாரி எழுதத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற அவள், "கருவியில கோளாறு இல்லீங்க. கருவி சரியாத்தான் சொல்லிச்சு. நாங்கதான் பிழையா வாசிச்சோம்" என்றாள். செய்தது நான் என்று அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதிகாரி முதலில் எழுதியதை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மூன்று மாதம் வேலைக்கு வந்தாள். மிச்சமிருந்ததையும் முடித்தாள். ஆனால் கேட்பதை விட்டுவிட்டாள். மருந்துக்கடையில் நானா கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வருவாள். நானா மேலே ஏறி வந்து, "என்ன தங்கச்சி, ஒண்டும் கேக்கமாட்டீங்களா?" என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார். தொலைபேசியை எடுத்தால் "ம்" என்பாள். கடைசி நாளில் வேலையை ஒப்படைத்தபோது எங்கே போகிறாய் என்று கேட்டேன். "தோட்டத்துக்கு" என்றாள்.

தன் திருத்தத்தை, நாங்கள் பயன்படுத்திய அந்தப் பொது அடுக்கைப் பராமரிக்கிறவர்களுக்கு அவள் அனுப்பியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே நடக்கும் கடிதப் போக்குவரத்தை யாரும் வாசிக்கலாம். பல மாதம் கேள்வியும் பதிலுமாகப் போயிருந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் மரியாதையாகவே கேட்டிருந்தார்: வேகம் தேவைப்படும் இடத்தில் சோதனையை நிறுத்திக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு பாடு? அவள் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் நிறுத்தினார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சில வாரங்களில் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று எத்தனையோ பேருடைய இயந்திரங்களில் அது ஓடிக்கொண்டிருக்கும். யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அந்த ஒரு வரியைப் படித்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு சரிவில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமாவின் மகளும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவளுடைய அம்மா இறந்துபோயிருந்தார். அவள் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாமாவின் மகளுக்கு இருபது வயதுதான் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றதால் தப்பியவள்.

வாசலில் நின்றபடியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "மொதல் ரெண்டு தடவையும் சைரன் பொய்யா அடிச்சதுக்குக் காரணம் நான். இவங்க வேணாம்னு சொன்னத இவங்களுக்குத் தெரியாமச் செஞ்சேன். விசாரணையிலயும் மறைச்சேன்."

என்னோடு வேலை செய்தவள் உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அவளைப் பார்த்துக் கேட்டாள். "ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவங்க வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். பிறகு என்னிடம் கேட்டாள். "மூணாவது தடவ அடிச்சப்ப எங்கப்பா என்னா சொன்னாரு? இவகிட்டக் கேட்டா சொல்ல மாட்டேங்குறா. ஒங்ககிட்டயாவது சொன்னாளா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"போறவங்க போங்கன்னாரு" என்றாள் மெதுவாக. "ஒன்னைய நம்புறேம்மா, ஒங்க மெசினத்தான் நம்பலன்னாரு. கையப் புடிச்சு இழுத்தேன். உதறிட்டாரு. அத்த அவர விட்டுட்டு வரல. நான் ஓடிட்டேன்."

அந்தப் பெண் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என்னை உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவே இருந்த குறுக்குப் பாதையில் இறங்கி நடந்தேன்.